கீழே என்றால் எங்கே?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. தெரியாதவர்களை நான் நம்புவதில்லை. தெரிந்தவர்களையாவது நம்புகிறேனா என்று கேட்டால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்க்கிறவள் நான். அட்டுவம்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் எனக்கு ‘சிஐடி டீச்சர்’ என்று பெயர். நான் டீச்சரும் இல்லை. கொசுக் காய்ச்சல் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் என்று கணக்குப் போட்டு, அதற்குச் சம்பளம் வாங்கி, ஓய்வு பெற்றவள்.

உங்கள் பயிற்சிக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். சமன்பாடு எதையும் நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்களிடம் புத்தகம் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, என்னைவிட வேகமாகவும் போடுவீர்கள். எனக்குப் பயமே அந்த வேகத்தில்தான். ஒரு கணக்கு சட்டென்று அழகாகப் பொருந்திவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு காபி குடிக்கப் போவீர்கள். நான் அந்த இடத்தில்தான் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்க்கத் தொடங்குவேன். ஏன் என்று சொல்வதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும்.

காய்ச்சல் வந்தது கொடைக்கானலுக்குப் பக்கத்தில், வில்பட்டியைத் தாண்டி மலைச்சரிவில் இருக்கும் ஒரு சிற்றூரில். பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களும் என்னைப் போல எதையும் மறக்காதவர்கள். சரிவு முழுக்கப் படிப்படியாகக் காடு திருத்தி கேரட், பீன்ஸ், வெள்ளைப்பூண்டு போட்டிருப்பார்கள். சில வருடங்களாகச் சரிவின் அடிப்பக்கத்தில் பெரிய பெரிய பிளாஸ்டிக் கொட்டகை போட்டு உள்ளே பூ வளர்க்கிறார்கள். ஊருக்குக் கொஞ்சம் ஒதுங்கினாற்போல ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய வீடுகள் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்கள் அதை லயம் என்பார்கள், ஊர்க்காரர்கள் சிலோன் லைன் என்பார்கள். கூலி வேலைக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்துதான் போவார்கள்.

லயத்தின் கடைசி வீடு பரமேஸ்வரியுடையது. கணவர் இல்லை. ஒரே மகள், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் விடுதியில் தங்கி நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு டெங்கு வந்தது. தாய் ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தும் பிள்ளை பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடித்துப் பரமேஸ்வரி மலைக்குத் திரும்பிய சமயத்தில்தான் சிற்றூரில் காய்ச்சல் மளமளவென்று ஏறியது. வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

முடிச்சை இறுக்கியது நாங்கள்தான். எங்கள் அலுவலகத்தில் பெரிய சார் என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் இருந்தார். எங்கள் பிரிவுக்குத் தலைவர், கணக்கில் மகா கெட்டிக்காரர். மலைக்கும் அடிவாரத்துக்கும் சேர்த்து அவர் ஒரு மாதிரிக் கணக்கு செய்து வைத்திருந்தார். மலை ஒரு பாத்திரம், அடிவாரம் ஒரு பாத்திரம், நடுவில் ஒரு குழாய். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஆளிடமிருந்து கொசுவுக்கும் கொசுவிடமிருந்து ஆளுக்கும் காய்ச்சல் சுற்றிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் ஏறி இறங்குகிற மனிதர்கள்தான் குழாய். அவ்வளவுதான் விஷயம், மிச்சமெல்லாம் அலங்காரம்.

மலைப் பாத்திரத்தில் காய்ச்சல் தானாகச் சுற்றாது என்பது அந்தக் கணக்கின் அஸ்திவாரம். குளிரில் கொசுவின் உடம்புக்குள் கிருமி வளர்ந்து தயாராவதற்குள் கொசுவே செத்துப்போகும். அதனால் மலையில் ஒருவருக்கு டெங்கு என்றால் அவர் அடிவாரத்தில் வாங்கிக்கொண்டு வந்தவராக இருக்க வேண்டும். அவர் வரைந்த படத்தில் அம்பு எப்போதும் அடிவாரத்திலிருந்து மலையைப் பார்த்தே இருக்கும். அந்தச் சிற்றூரில் காய்ச்சல் வந்த ஒவ்வொருவரையும் ஹெல்த் இன்ஸ்பெக்டர் விசாரித்தபோது, அநேகமாக எல்லோருமே சமவெளிக்குப் போய் வந்தவர்கள் என்று தகவல் வந்தது. அதைக் கணக்கில் போட்டதும், கணக்கு வரைந்த கோடு காய்ச்சல் எண்ணிக்கைமேல் அளவெடுத்துத் தைத்தாற்போல உட்கார்ந்துவிட்டது.

உடனே ஊரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ‘சமவெளிக்குச் சென்று வருவோரால் காய்ச்சல் பரவுகிறது, பொதுமக்கள் கவனமாக இருக்கவும்’ என்று எங்கள் கணக்கின் முடிவை இரண்டு வரியில் போட்டிருந்தார்கள். அதில் யார் பெயரும் இல்லை. ஆனால் படித்த அத்தனை பேரும் லயத்தின் கடைசி வீட்டைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பகையாளிகூட வந்து வாசலில் உட்கார்ந்து துட்டி கேட்டுவிட்டுத்தான் போவான். பரமேஸ்வரி வீட்டுக்கு யாரும் துட்டி கேட்க வரவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். கொட்டகைக்காரர்கள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சீசன் முடிகிற வரைக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்காவது போய் இருக்கட்டும் என்று ஊரில் பேசி முடித்து, வரவிருந்த அதிகாரிகள் கூட்டத்தில் அதற்கு ஒரு தலையாட்டலை வாங்கிவிடலாம் என்று காத்திருந்தார்கள். போக அவளுக்கு வேறு இடம் கிடையாது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தது. முதலில் என்னை உறுத்தியது அந்தக் கோடுதான். குழாயின் தடிமனை நாங்கள் அளந்து போடவில்லை. மலையில் எவ்வளவு காய்ச்சல் தெரிகிறதோ அதற்கேற்றாற்போல் குழாயைத் தடித்தும் மெலித்தும் பொருத்தியிருந்தோம். சட்டையைப் போட்டுவிட்டு நிற்கிற ஆளின் மேலேயே பிடித்துத் தைத்தால் எந்தச் சட்டையும் பொருந்தத்தானே செய்யும்?

இன்னொன்றும் இருந்தது. கோடை சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. கொடைக்கானலில் அந்த இரண்டு மாதத்தை நம்பித்தான் வருடம் முழுக்கப் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. காய்ச்சல் மலையிலேயே பரவுகிறது என்றால் அறைகள் காலியாகும். அடிவாரத்திலிருந்து யாரோ கொண்டு வந்தார்கள் என்றால் எல்லோருக்கும் சௌகரியம். சௌகரியமான விடை வந்தால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும். பெரிய சாருக்கு யாரோ மேலிடத்திலிருந்து போன் போட்டிருக்கிறார்கள் என்றும், அவரும் சரி என்று சொல்லியிருக்கிறார் என்றும் நானே மனதுக்குள் ஒரு வழக்கு நடத்தித் தீர்ப்பும் எழுதி வைத்திருந்தேன். ஆதாரம் என்று கையில் ஒன்றும் இல்லை. அவர் அந்த வாரம் என்னைப் பார்த்து இரண்டு முறை அதிகமாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

அந்தக் கோட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நேரில் போனேன். முதலில் பஸ் நிற்கிற இடத்துக்கு. ஊரில் பாதிப் பேர் அடிவாரத்துக்குப் போய் வந்திருந்தால் அது பஸ்ஸில் தெரிய வேண்டும். வண்டி கிளம்பும் முன் கண்டக்டர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். இந்த ஊர்ச் சனமெல்லாம் நிறைய இறங்குகிறார்களாமே, கூட்டம் தாங்குகிறதா என்று சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

“யாருங்க சொன்னா? பூ அறுப்பு நடக்குறப்ப சோலியப் போட்டுட்டு எவன் இறங்குவான்? வெள்ளனே போற வண்டி காலியாத்தான் கெடக்கு. லைன்ல இருக்குற ஒரு அம்மாதான் மகளப் பாக்க வரும். அதும் இப்ப வர்றதில்ல, பாவம்.”

காலி வண்டியில் போய் ஒரு ஊரே எப்படிக் காய்ச்சல் வாங்கி வரும்? என் சந்தேகம் அடுத்த ஆள்மேல் பாய்ந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீடு வீடாகப் போகாமல் ஆபீசிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மாற்றலாகிக் கொடைக்கானல் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மழையிலும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடக்கிற மனிதர். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

“மேடம், சேர்ல உக்காந்து எழுதுறவன்னு என்னைய நெனச்சிட்டீங்களா? கெளம்புங்க. நான் கேக்குறேன், நீங்க பக்கத்துல நின்னு காதால கேளுங்க.”

போனோம். முதல் வீட்டில் ஒரு பெண் பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்து தேறியவள். “ஏம்மா, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி கீழ போனீங்களா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். “ஆமா சார், போனேன்” என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அடுத்த வீட்டில் போர்வைக்குள் சுருண்டிருந்த ஒரு பெரியவரிடம் அதே கேள்வி. “கீழ போகாம கஞ்சி எப்பிடிக் குடிக்கிறது தம்பி?” என்று அவர் முனகினார். மூன்றாவது வீட்டிலும் ஆமா. இன்ஸ்பெக்டர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் வாங்கிக்கொண்டேதான் ஆக வேண்டியிருந்தது.

ஆனால் என் புத்தி எங்கே போகும்? இன்ஸ்பெக்டர் பொய் சொல்லவில்லை என்றால் ஊர் பொய் சொல்கிறது. இத்தனை பேர் ஒரே ராகத்தில் பாடுகிறார்கள் என்றால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொட்டகை முதலாளிகளாக இருக்குமோ? அவர்கள் எதை மறைக்கிறார்கள்? இப்படி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே லயத்துப் பக்கம் நடந்தேன்.

கடைசி வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டர் தயங்கினார். “இந்தம்மா கீழ போனது ஊருக்கே தெரியும் மேடம். புள்ளய வேற பறிகுடுத்திருக்காங்க. கேக்கணுமா?”

கேட்டே ஆக வேண்டும் என்றேன். எல்லோரிடமும் கேட்டதை ஒருவரிடம் மட்டும் கேட்காமல் விடுவதும் ஒரு பொய்தான்.

பரமேஸ்வரி கதவை முழுக்கத் திறக்கவில்லை. நிலையைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரியை அன்றுதான் பார்த்தேன். அவள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

“என்னைய எழுதத்தான வந்தீங்க? எழுதிக்கங்க. சமவெளிக்கு ரெண்டு தடவ போனேன். நோட்டீஸ்ல அப்பிடித்தான போட்டிருக்கு? மொதத் தடவ புள்ளைக்குப் பலகாரம் குடுக்கப் போனது. ரெண்டாந் தடவ…” என்று நிறுத்திக்கொண்டாள்.

நான், “மற்ற நாள்ல எங்கம்மா இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“மத்த நாள் கீழ்க்கணக்குலதான் வேல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணக்கு என் பிழைப்பு. அந்தச் சொல் அந்த வாசலில், அவள் வாயிலிருந்து வந்தது எதற்கு என்று புரியவில்லை. நம்மைக் கிண்டல் செய்கிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். “கீழ்க்கணக்குன்னா என்ன?” என்றேன்.

“தோட்டத்த ரெண்டாப் பிரிச்சிருந்தா மேல இருக்குறது மேக்கணக்கு, அடியில இருக்குறது கீழ்க்கணக்கு. சிலோன்ல எங்கம்மா ஆளுக அப்பிடிச் சொல்றது, நாங்களும் அதையே சொல்றது. அந்தா சரிவுக்கு அடியில கொட்டக தெரியுதுல்ல, அதுதான். ஊர்க்காரங்க கணக்குன்னு சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குச் சும்மா கீழதான். கீழ போறேன், கீழ சோலி கெடக்கும்பாங்க.”

இன்ஸ்பெக்டர் மெதுவாக மப்ளரை அவிழ்த்தார். “மேடம், நான் கீழன்னா வத்தலக்குண்டு, திண்டுக்கல்னு…” என்றார்.

புரிந்ததா உங்களுக்கு? கொடைக்கானல் டவுனில் யாரைக் கேட்டாலும் கீழே என்றால் சமவெளி. கீழே வெயில் கொளுத்துகிறது, கீழே போய்த் துணி எடுத்தேன் என்றுதான் பேசுவோம். டவுனில் வேலை பார்க்கிற இன்ஸ்பெக்டரும் அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சரிவில் குடியிருக்கிறவர்களுக்குக் கீழே என்றால் சரிவின் அடியில் இருக்கும் கொட்டகை. அவர் கீழ என்று கேட்டார், அவர்கள் கீழ என்று பதில் சொன்னார்கள், அவர் அதைச் சமவெளி என்று நல்ல தமிழில் எழுதினார். அந்த நல்ல தமிழ்தான் எங்கள் கணக்குக்குள் போய், அங்கிருந்து நோட்டீஸாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன்! ஒரு சொல்லைச் சந்தேகப்படத் தோன்றவில்லை எனக்கு.

உறுதி செய்ய முதல் வீட்டுக்கே திரும்பி ஓடினோம். “கீழன்னா எங்கம்மா?” என்று கேட்டதும் அந்தப் பெண் பீன்ஸைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதென்ன கேள்வி? கொட்டகைக்குத்தான். பஸ்ஸேறிப் போறதுன்னா ஊர் பேரச் சொல்ல மாட்டோமா?”

கொட்டகைக்குப் போனால் வாசலில் முதலாளி மறித்துக்கொண்டு நின்றார். காலை நனைத்துவிட்டு உள்ளே போவதற்காக ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர் வைத்திருந்தார். “வெளியாள உள்ள விட முடியாதுங்க. நீங்க எங்கெங்கயோ மிதிச்சிட்டு வருவீங்க, பூவுக்கு நோவு பத்திக்கும்” என்றார். பூவுக்கு இவ்வளவு காவல் போட்டவர் ஆளுக்கு என்ன போட்டிருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று வந்தது. கேட்டும்விட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. “நீங்க எந்த ஆபீசு? யார் சொல்லி அனுப்புனாங்க?” என்று அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்யட்டும், அவரிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனோம்.

போன சில நிமிடங்களில் நான் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் மப்ளரையே மறந்துவிட்டார். வெளியே மூடுபனி, உள்ளே மதுரை. டவுனில் ஒரு தெர்மாமீட்டர் காட்டுகிற குளிரை வைத்து மலை முழுக்கக் காய்ச்சல் சுற்றாது என்று எழுதியிருந்தோம். கொசுவுக்கு அந்தத் தெர்மாமீட்டர் இருக்கிற இடம் தெரியாது. அது பிளாஸ்டிக்குக்குள் சௌகரியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பாத்தி ஓரமாக உரம் கலக்குகிற டிரம்கள் திறந்து கிடந்தன. குனிந்து டார்ச் அடித்தால் ஒவ்வொன்றிலும் கொசுப்புழு நெளிந்தது.

“அது தண்ணியில கெடக்குற பூச்சி மேடம். எப்பவும் கெடக்கும்” என்றார் முதலாளி.

இனிப் பெரிய சாரிடம் போக வேண்டும். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அவர் மழுப்புவார், கூட்டம் முடியட்டும் என்பார், சீசன் முடியட்டும் என்பார். அதற்கு இன்னின்ன பதில் என்று கூர் தீட்டிக்கொண்டுதான் அவர் அறைக்குள் போனேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, “அம்பைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போமா?” என்றார். அவ்வளவுதான். யாரும் அவருக்குப் போன் போட்டிருக்கவில்லை. அவர் சிரித்தது, பேத்தி பிறந்த சந்தோஷத்தில் என்று அப்புறம் யாரோ சொன்னார்கள்.

திருப்பிப் போட்டோம். மலைச்சரிவில் காய்ச்சல் தானாகச் சுற்றுகிறது, பஸ்ஸில் அடிவாரத்துக்கு இறங்குகிறது என்று. கோடு முன்பு பொருந்திய அதே அழகோடு மறுபடியும் பொருந்தியது! எனக்கு ஒரே கும்மாளம். பெரிய சாரின் முகம்தான் வெளுத்துவிட்டது.

“எதுக்கும்மா சந்தோஷப்படறீங்க? அப்படிப் போட்டாலும் பொருந்துது, இப்படிப் போட்டாலும் பொருந்துதுன்னா என் கணக்கு ஒண்ணுமே சொல்லலைன்னு அர்த்தம். சொல்றது அந்த டிரம்தான். கூட்டத்துக்கு டிரம்ல இருக்கறதக் கொண்டு வாங்க, கோட்டைக் கொண்டு வராதீங்க.”

இதை மட்டும் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பொருந்துவது ஒரு சாட்சியே இல்லை. பொருந்தியதும், வேறு எந்தெந்தக் கதைக்கு இதே கோடு பொருந்தும் என்று தேடுங்கள். ஒருவர் சொன்ன பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள், அழகுபடுத்தாதீர்கள். அவர் கீழ என்றால் கீழ என்றே எழுதிவிட்டு, எங்கே என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

கூட்டத்துக்கு ஒரு பாட்டிலில் புழுவோடு போனேன். லாட்ஜ் வைத்திருப்பவர்கள், கொட்டகைக்காரர்கள், அதிகாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெரிய சார் எழுந்து, போன அறிக்கை தப்பு, அதை எழுதியது தான்தான் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பாட்டிலை மேஜையில் வைத்தார். காய்ச்சல் மலையிலேயே பரவுகிறது என்று வெளியே போனால் சீசன் என்னாவது என்று ஒருவர் எகிறினார். “சீசனுக்கு வர்ற ஜனம் எங்கேயிருந்துங்க வருது? அடிவாரத்திலிருந்துதான் காய்ச்சல் வருதுன்னா மொதல்ல அவங்களையில்ல நிறுத்தணும்?” என்றார் பெரிய சார். அதற்கு அப்புறம் யாரும் எகிறவில்லை. டிரம்களைக் கவிழ்க்கவும் மூடி போடவும் கொட்டகைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். பரமேஸ்வரியை வெளியே அனுப்பும் பேச்சை எடுக்க வந்தவர்கள் அதை எடுக்காமலே எழுந்து போனார்கள். நோட்டீஸைக் கிழித்துவிட்டு இன்ஸ்பெக்டரே வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னார். மெல்ல மெல்லக் காய்ச்சல் வடிந்தது.

அதன் பிறகுதான் ஊர்ப் பெண்கள் பரமேஸ்வரி வீட்டுக்குத் துட்டி கேட்கக் கிளம்பினார்கள். தாமதமாகத்தான், ஆனால் வெறுங்கையோடு போகாமல் சீனியும் காபித்தூளும் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் போனேன். ஏன் போனேன் என்று இப்போது யோசித்தால், செய்த வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்கிற ஆசைதான். வீட்டுக்குள் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பீன்ஸ் வீட்டுப் பெண் பரமேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ கொண்டு வந்தேன்னு வாய் கூசாமப் பேசிப்புட்டோம் தாயீ, மனசுல வச்சுக்காத” என்று அழுதாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது.

“இவங்க ஒண்ணும் கொண்டு வரலைம்மா. காய்ச்சல் அடிவாரத்திலிருந்து இங்க வரவே இல்ல. இங்க கொட்டகையில பிறந்து, இங்கிருந்துதான் அடிவாரத்துக்குப் போயிருக்கு” என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். வகுப்பில் சொல்கிற மாதிரி கையால் திசைகூடக் காட்டினேன்.

பெண்கள் தலையாட்டினார்கள். பரமேஸ்வரி ஆட்டவில்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இங்கருந்துதான் போச்சா?”

நான் தலையாட்டினேன்.

“மொதத் தடவ புள்ளையப் பாக்கப் போனப்ப எனக்கு மேலு காஞ்சுதான் கெடந்துச்சு. கீழ்க்கணக்குல நனைஞ்சதுன்னு நெனச்சேன். மாத்திரையப் போட்டுட்டு பஸ்ஸேறிட்டேன். புள்ள என் நெத்தியத் தொட்டுப் பாத்து, ஏம்மா இப்பிடிக் கொதிக்கிறத வச்சிக்கிட்டு வந்தன்னு வஞ்சா. ரெண்டு நா அவகூடத்தான் இருந்தேன். அதுக்குப் பெறகுதான அவளுக்கு வந்துச்சு.” கொஞ்சம் பொறுத்து, “அப்ப நாந்தான் கொண்டு போனேனா?” என்றாள்.

அவள் சொன்ன நாட்கள் பொருந்தின. ஆளிடமிருந்து கொசுவுக்குப் போய், கொசுவுக்குள் வளர்ந்து, அடுத்த ஆளுக்கு வர ஆகிற காலம் எனக்கு மனப்பாடம். அவள் பேசி முடிப்பதற்குள் என் மனது கூட்டிப் பார்த்து முடித்துவிட்டது. பொருந்துவது சாட்சி இல்லை என்று சற்று முன்புதான் உங்களுக்குச் சொன்னேன், அந்த நிமிடத்தில் எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். அடிவாரத்துக் கொசு அவள் மகளைக் கடித்தபோது அதற்குள் யாரிடமிருந்து வந்த கிருமி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது உண்மை. எனக்குத் தெரிந்த உண்மையெல்லாம் அவ்வளவுதான்.

“அப்படி ஒரு ஆளைக் காட்டிச் சொல்ல முடியாதும்மா. அந்தப் பஸ்ல எத்தனையோ பேர் போறாங்க. நாங்க போடுறது ஊருக்கும் ஊருக்கும் உள்ள கணக்கு. அதுக்கு ஆள் தெரியாது” என்றேன்.

பரமேஸ்வரி அழவில்லை. கோபப்படவும் இல்லை. தெரியாத விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டாள்.

“நான் கொண்டு வந்தேன்னு சொன்னப்ப மட்டும் தெரிஞ்சுச்சே?”